பாரம் எங்கே இருக்கிறது? – விமானத்தின் நிலைப்பும் உருளலும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நமது ஆய்வுக்கூடத்தில் முறுக்கு ஊசல் சோதனையைச் செய்யாத இயற்பியல் மாணவர் எவரும் இருக்க முடியாது. மெல்லிய கம்பியில் ஒரு வட்டத் தட்டைத் தொங்கவிட்டுச் சற்றே திருப்பி விட்டால், அது இடமும் வலமுமாக ஆடும். தட்டின் மேல் மையத்தின் இருபுறமும் சம தூரத்தில் 200 கிராம் உருளைகள் இரண்டை வைத்து, பத்து அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். உருளைகளை மையத்திலிருந்து 3 செ.மீ. தூரத்தில் வைத்தபோது எனக்குக் கிடைத்த நேரம் 42.4 விநாடி. அவற்றையே 6 செ.மீ. தூரத்துக்குத் தள்ளி வைத்தபோது 48.2 விநாடி. தட்டு அதேதான், கம்பியும் அதேதான். ஒரு கிராம் எடைகூடச் சேர்க்கவில்லை. இருந்தும் தட்டு சோம்பல் கொண்டுவிட்டது.

இதைப் பேராசிரியரிடம் காட்டியபோது, “விமானத்தின் இறக்கையில் எரிபொருள் நிரப்பினால் என்ன ஆகும், யோசித்துப் பார்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை. நான் விமானத்தில் ஏறியதில்லை. ஆயினும் முறுக்கு ஊசலுக்கும் விமானத்துக்கும் இயற்பியல் ஒன்றே என்ற துணிவில் எழுதுகிறேன்.

விமானத்தின் பாரத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. பாரம் முழுவதன் மையம் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அம்மையத்தைச் சுற்றிப் பாரம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது மற்றொன்று. முதற் கேள்வி விமானம் நிலையாகப் பறக்குமா என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அது எவ்வளவு விரைவில் திரும்பும், திரும்பியதை எவ்வளவு விரைவில் நிறுத்தலாம் என்பதைச் சொல்கிறது. பலர் முதற் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

முதற் கேள்விக்கு விடை என் தாத்தாவுக்குத் தெரியும். அவர் மாட்டு வண்டி ஓட்டியவர். மூட்டை ஏற்றும்போது “முன்பாரம்”, “பின்பாரம்” என்ற இரண்டு சொற்களை அடிக்கடி சொல்வார். அச்சுக்கு முன்னே பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். மாட்டை அவிழ்த்த பிறகு வண்டி குடைசாயாமல் இருக்க முட்டுக் கொடுத்து நிறுத்துவார். நம் மாநிலத்தின் சிறு விமான நிலையங்களுக்கும் வந்து போகும் ஏ.டி.ஆர். 72 விமானத்தில் ஆட்களும் மூட்டைகளும் ஏறி இறங்கும்போது வாலின் அடியில் ஒரு முட்டுக்கோல் நிறுத்துவார்கள் என்று படித்தபோது எனக்குத் தாத்தாவின் வண்டிதான் கண்முன் வந்தது.

ஆனால் வண்டிக்கு அச்சு உண்டு; வானத்தில் அச்சு ஏது? அதன் இடத்தில் இருப்பது “நடுநிலைப் புள்ளி” எனப்படும் ஒரு புள்ளி. மட்டமாகப் பறக்கும் விமானத்தின் மூக்கைக் காற்றுவீச்சு ஒன்று சிறிது தூக்கிவிட்டது என்று கொள்வோம். இறக்கையும் வாலும் இப்போது காற்றை முன்னைவிடச் சாய்வாகச் சந்திக்கும். ஆகவே கூடுதலாகச் சிறிது தூக்குவிசை பிறக்கும். இந்தக் கூடுதல் விசை முழுவதும் செயல்படும் இடமே நடுநிலைப் புள்ளி. அது இறக்கை, வால் இவற்றின் அமைப்பைப் பொறுத்தது, பாரத்தைப் பொறுத்ததன்று.

விமானத்தின் ஈர்ப்பு மையம் இப்புள்ளிக்கு முன்னே இருந்தால், கூடுதல் தூக்குவிசை பின்புறத்தை உயர்த்தும். மூக்கு தானே தாழ்ந்து பழைய நிலைக்கு வரும். இது உறுதிச் சமநிலை. ஈர்ப்பு மையம் பின்னே போய்விட்டால், அதே விசை மூக்கை மேலும் தூக்கும். தூக்கத் தூக்க விசையும் வளரும். இது உறுதியற்ற சமநிலை. இரண்டு புள்ளிகளும் ஒன்றானால் விமானம் விட்ட இடத்தில் நிற்கும். திரும்பி வராது, மேலே போகவும் செய்யாது. இறகுப்பந்து எப்படி அடித்தாலும் தக்கை முன்னும் இறகு பின்னுமாகவே பறப்பதும் இதே காரணத்தால்தான்.

அப்படியானால் பாரத்தை எல்லாம் முன்னே தள்ளிவிடலாமே என்று தோன்றும். முன்பாரத்துக்கும் விலை உண்டு. மூக்கு தாழாமல் இருக்க வால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தையும் சேர்த்து இறக்கை சுமக்க வேண்டும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகமும் கூடும். தரையிறங்கும் நேரத்தில் வேகம் குறைந்திருக்க, கோலை முழுவதும் பின்னுக்கு இழுத்தாலும் மூக்கு நிமிராத நிலைகூட வரும். ஆகவே ஒவ்வொரு விமானத்துக்கும் ஈர்ப்பு மையம் இருக்க வேண்டிய முன் எல்லை, பின் எல்லை இரண்டும் வகுக்கப்பட்டுள்ளன.

இந்த எல்லை எவ்வளவு குறுகியது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெறும் எடை 700 கிலோ உள்ள நான்கு இருக்கை விமானம் என்க. குறிப்புக் கோட்டிலிருந்து அதன் மையம் 1.00 மீட்டர், முன் இருக்கை 0.95 மீட்டர், பின் இருக்கை 1.85 மீட்டர், பெட்டி வைக்கும் இடம் 2.40 மீட்டர். பயணிகள் நால்வரில் இருவர் 80 கிலோ, இருவர் 55 கிலோ. பெட்டிகள் 30 கிலோ. மொத்தம் 1000 கிலோ. கனத்தவர்கள் முன்னே உட்கார்ந்தால் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை 1127.5, ஈர்ப்பு மையம் 1.1275 மீட்டரில் விழும். அவர்களே பின்னே உட்கார்ந்தால் கூட்டுத்தொகை 1172.5, மையம் 1.1725 மீட்டர். மொத்த எடை மாறவில்லை. இடம் மாறி உட்கார்ந்ததற்கே மையம் 4.5 செ.மீ. பின்னே போயிற்று. இத்தகைய சிறு விமானங்களில் முழு எடையோடு பறக்கும்போது முன் எல்லைக்கும் பின் எல்லைக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒரு சாண்தான். அந்த ஒரு சாணில் ஐந்தில் ஒரு பங்கை இருக்கை மாற்றமே தின்றுவிடுகிறது.

விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களே இதைப் பட்டுத்தான் அறிந்தார்கள். அவர்களுடைய விமானம் மேலும் கீழுமாக அலைந்துகொண்டே பறந்தது. 1904-இல் பாரத்தைப் பின்னே தள்ளிப் பார்த்தார்கள், அலைச்சல் மோசமாயிற்று. பிறகு முன்புறச் சுக்கானின் அடியில் 70 பவுண்டு இரும்பைக் கட்டினார்கள், அலைச்சல் குறைந்தது. எடையைக் குறைக்க ஒவ்வொரு அவுன்சாகப் பார்த்த மனிதர்கள், தேவையில்லாத இரும்பைத் தாமே ஏற்றிக்கொண்டார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெரிந்தே பின்பாரம் ஏற்றிய வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-51 மஸ்டாங் போர் விமானம், குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக இங்கிலாந்திலிருந்து பெர்லின் வரை போய் வர வேண்டியிருந்தது. இருந்த எரிபொருள் போதவில்லை. விமானியின் இருக்கைக்குப் பின்னால் 85 காலன் கொள்ளும் தொட்டி ஒன்றை வைத்தார்கள். ஏறக்குறைய 230 கிலோ எடை ஈர்ப்பு மையத்துக்குப் பின்னே ஏறியது. தூரம் கிடைத்தது, நிலைப்பு போயிற்று. தொட்டி நிரம்பியிருக்கும்போது வளைவு எடுத்தால், விமானி இழுக்காமலே வளைவு இறுகிக்கொண்டு போகும். அதைத் தடுக்க அவர் கோலை முன்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே ஏறியதும் முதலில் பின் தொட்டியின் எரிபொருளில் பெரும்பகுதியைச் செலவிட்டுவிட வேண்டும், அதற்குமுன் சண்டையில் இறங்கக்கூடாது என்பது விதியாயிற்று. எதிரி அந்தக் கணக்குத் தீரும்வரை காத்திருப்பான் என்பதற்கு எந்த விதியும் இல்லை. ஆனாலும் பெர்லின்வரை துணை கிடைத்தது என்பதற்காக அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

தெரியாமல் நேர்ந்த பின்பாரமே மிகக் கொடியது. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் பீச்கிராப்ட் 1900டி விமானம் ஒன்று புறப்பட்டதும் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே சென்று, தூக்குவிசையை இழந்து விழுந்தது. பயணிகள் 19 பேர், விமானிகள் இருவர், அத்தனை பேரும் மாண்டனர். ஆராய்ந்தபோது இரண்டு காரணங்கள் வெளிப்பட்டன. மூக்கைத் தாழ்த்தும் வால் தகட்டின் கம்பிவடத்தைப் பழுதுபார்த்தவர்கள் தவறாகப் பூட்டியிருந்தமையால், தகடு கீழ்நோக்கி முழுவதும் திரும்பவில்லை. இது ஒன்று. மற்றொன்று, ஏட்டில் எடை எல்லைக்குள் இருந்தது. உண்மையில் விமானம் எல்லையைவிடக் கனமாகவும் பின்பாரமாகவும் இருந்தது. பயணிகளை நிறுத்துப் பார்க்காமல், ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு சராசரி எடையை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அந்தச் சராசரி பழைய காலத்தது, மக்களோ கனத்துவிட்டார்கள். பழுதுபார்த்த பிறகும் சில முறை அந்த விமானம் நலமாகவே பறந்திருக்கிறது. முழுப் பாரத்தோடு பறந்த அன்றுதான் வாலின் குறை உயிரைக் கேட்டது. பிறகு அமெரிக்க அரசு சராசரி எடையை உயர்த்தியது.

பாரம் பறக்கும்போதே இடம் பெயர்ந்த கதை ஒன்றும் உண்டு. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து ஐந்து கவச வாகனங்களை ஏற்றிக்கொண்டு போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று புறப்பட்டது. கட்டிய பட்டைகள் போதவில்லை. எழும்பும்போதே ஒரு வாகனமேனும் அவிழ்ந்து வாலை நோக்கி உருண்டது. ஏழு பேர் இறந்தனர். பாரம் பின்னே போனதால் மட்டும் விமானம் விழுந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். விசாரணை முடிவு அப்படிச் சொல்லவில்லை. உருண்டு வந்த வாகனம் பின்சுவரை உடைத்து, வாலை இயக்கும் நீரியல் குழாய்களையும் திருகுத் தண்டையும் சிதைத்தது. அதன் பிறகு விமானியின் கையில் கட்டுப்பாடே இல்லை.

இனி உருளலுக்கு வருவோம். ஓர் இறக்கை தாழ, மற்றது உயர, விமானம் தன் நீள அச்சைச் சுற்றிச் சுழல்வதே உருளல். இங்கே முதலில் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். எனக்கே இருந்த மயக்கம் அது. இறக்கை மேலேயும் உடல் கீழேயும் உள்ள விமானத்தில், பாரம் கீழே தொங்குவதால் சாய்ந்தால் தானே நிமிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை அப்படித்தானே நிமிர்கிறது! ஆனால் பொம்மைக்குத் தரை இருக்கிறது. அது சாயும்போது தரை மேல்நோக்கித் தரும் எதிர்விசை ஓரிடத்திலும், பொம்மையின் எடை வேறோரிடத்திலும் செயல்பட்டு, இரண்டுமாக அதை நிமிர்த்துகின்றன. விமானத்துக்குத் தரை இல்லை. அது சாய்ந்தால் தூக்குவிசையும் கூடவே சாயும். முன்பு போலவே ஈர்ப்பு மையத்தின் வழியாகவே செல்லும். எடையும் அம்மையத்திலேயே செயல்படுகிறது. நிமிர்த்துவதற்குத் திருப்புத்திறன் எங்கிருந்து வரும்? மேல்-இறக்கை விமானம் ஓரளவு நிமிர்வது உண்மையே. சாய்ந்த விமானம் பக்கவாட்டில் நழுவும்போது, உடலைச் சுற்றி ஓடும் காற்று இரண்டு இறக்கைகளையும் வெவ்வேறு கோணத்தில் தாக்குகிறது. அந்த வேறுபாடே காரணம். தொங்கும் பாரம் காரணமன்று.

இடமும் வலமும் பாரம் சமமாக இல்லாவிட்டால் உருளலில் உடனே தெரியும். 1903 டிசம்பர் 17 அன்று பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தில் எஞ்சின் நடுக்கோட்டுக்கு வலப்புறமும், விமானி இடப்புறமும் இருந்தார்கள். எஞ்சின் விமானியைவிடக் கனம். ஆகவே வலது இறக்கையை ஏறக்குறைய 4 அங்குலம் நீளமாகச் செய்திருந்தார்கள்! இன்றைய விமானங்களில் இச்சமமின்மை பெரும்பாலும் எரிபொருளால் வருவது. ஒரு பக்கத் தொட்டியில் 100 கிலோ கூடுதலாக, மையத்திலிருந்து 3 மீட்டர் தூரத்தில் இருந்தால், அந்தப் பக்கம் 300 கிலோ-மீட்டர் அளவு திருப்பம். இதை எதிர்க்க இறக்கை நுனியில் உள்ள எய்லரான் தகடுகள் எப்போதும் சற்றே திரும்பியிருக்க வேண்டும். தகட்டின் வலிமை வேகத்தின் இருமடிக்கு ஏற்றது. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் எளிதாகத் தாங்கிய அதே சமமின்மையை, 150 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது கால் பங்கு வலிமையோடு தாங்க வேண்டும். வானத்தில் தெரியாத குறை தரைக்கு அருகில் தலைகாட்டுவது இதனால்தான்.

இப்போது முறுக்கு ஊசலுக்குத் திரும்பலாம். இரண்டு பக்கமும் சமமாகவே பாரம் இருக்கிறது. மையம் சரியான இடத்தில்தான் உள்ளது. எனினும் பாரம் நுனியில் இருப்பதற்கும் அடியில் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒவ்வொரு துகளின் நிறையையும் அச்சிலிருந்து அதன் தூரத்தின் இருமடியால் பெருக்கிக் கூட்டினால் வருவது நிலைமத் திருப்புத்திறன். இறக்கைக்கு 200 கிலோ வீதம் எரிபொருளை 5 மீட்டர் தூரத்தில் நுனித் தொட்டியில் வைத்தால், அதனால் சேருவது 10,000 அலகு. அதே எரிபொருளை 1 மீட்டரில் வைத்தால் 400 அலகு. இருபத்தைந்து மடங்கு வேறுபாடு!

நுனிப் பாரம் உள்ள விமானம் மெதுவாக உருளும் என்று இதிலிருந்து சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. எய்லரான் தகட்டைத் திருப்பியபடியே வைத்திருந்தால் விமானம் இறுதியில் ஒரு நிலையான உருளல் வேகத்தை அடையும். தாழும் இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்தித்து எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பும் தகட்டின் திருப்பமும் சமமாகும் வேகம் அது. அதில் நிலைமத் திருப்புத்திறனுக்கு இடமே இல்லை. அந்த வேகத்தை எட்ட ஆகும் நேரமும், உருளலை நிறுத்த ஆகும் நேரமும்தான் நிலைமத்தால் கூடுகின்றன. தொடங்குவதில் தாமதம் இருந்தால் விமானி பொறுத்துக்கொள்ளலாம். நிறுத்துவதில் தாமதம் இருந்தால்தான் சங்கடம். பாரம் நிறைந்த வண்டியை ஓட்டியவர்கள் இதை அறிவார்கள்.

பின் எதற்காகப் பயணிகள் விமானங்களில் எரிபொருளை இறக்கையில் வைத்து, எஞ்சினையும் இறக்கையிலேயே தொங்கவிடுகிறார்கள்? பறக்கும்போது தூக்குவிசை இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. இறக்கையிலேயே உள்ள பாரம் அந்த வளைவைக் குறைக்கிறது. இறக்கையின் அடிப்பகுதியை இலேசாகச் செய்யலாம். ஆகவேதான் உடலின் நடுத்தொட்டி எரிபொருளை முதலில் செலவிட்டு, இறக்கையில் உள்ளதைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறார்கள். பயணிகள் விமானம் பம்பரம்போல் உருள வேண்டியதில்லை.

போர் விமானத்துக்கு விரைவு வேண்டும். ஒலியின் வேகத்தைக் கடக்கும் காலம் வந்தபோது இறக்கைகள் குட்டையாயின, மெலிந்தன. எஞ்சின், எரிபொருள், கருவிகள் அனைத்தும் நீண்ட உடலுக்குள் போயின. உருளலுக்கு எதிரான நிலைமம் மிகக் குறைந்தது. மூக்கு ஏறி இறங்குவதற்கு எதிரான நிலைமம் மிகக் கூடியது. நல்லதுதானே என்று தோன்றும். அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் பிலிப்ஸ் 1948-இலேயே, இத்தகைய விமானம் வேகமாக உருண்டால் நிலைகுலையும் என்று கணக்கிட்டு வெளியிட்டார். மூக்கில் ஒரு பாரம், வாலில் ஒரு பாரம் கொண்ட நீண்ட கோல் என்று விமானத்தை நினைத்துக்கொள்வோம். மூக்கு சிறிது உயர்ந்த நிலையில், பறக்கும் திசையை அச்சாகக் கொண்டு அது வேகமாக உருண்டால், இரண்டு பாரமும் அச்சிலிருந்து விலகி வெளியே வீசப்படும். கோல் குறுக்கே திரும்பப் பார்க்கும். வாலின் தகடுகள் அதைத் தடுக்கும். உருளல் வேகம் ஓர் அளவைக் கடந்துவிட்டால் தகடுகள் தோற்கும். இதற்கு நிலைமப் பிணைப்பு என்று பெயர்.

ஏட்டில் இருந்தது வானத்தில் நடந்தது. 1954 அக்டோபர் 12 அன்று எப்-100 விமானத்தைச் சோதித்த ஜார்ஜ் வெல்ச் இறந்தார். பதினைந்து நாள் கழித்து, அக்டோபர் 27 அன்று, ஊசிபோல் நீண்ட எக்ஸ்-3 விமானத்தை ஜோ வாக்கர் வேகமாக உருட்டியபோது அது குறுக்கும் மேலுமாகத் தாறுமாறாகத் திரும்பியது. அவர் உயிரோடு மீண்டார். அன்று பதிவான அளவுகளே நோயை விளக்கின. எப்-100 விமானத்துக்கு வாலின் செங்குத்துத் தகட்டைப் பெரிதாக்கினார்கள், இறக்கையையும் நீட்டினார்கள். இருந்தும் 1956 செப்டம்பர் 27 அன்று, ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தை முதன்முதலில் கடந்த மில்பர்ன் ஆப்ட், திரும்பும்போது இதே நிலைமப் பிணைப்பில் எக்ஸ்-2 விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்து மாண்டார். பிலிப்ஸின் கணக்கு வெளிவந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று உறுதியற்ற சமநிலையையே வேண்டி அமைக்கிறார்கள். 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டுத் தேஜஸ் அவ்வகையைச் சேர்ந்தது. மூக்கு விலகத் தொடங்கியதுமே கணிப்பொறி அதை உணர்ந்து தகடுகளைத் திருப்புகிறது. ஒன்று கெட்டால் மற்றொன்று என நான்கு மடங்கு ஏற்பாடு. வாலின் வீண் அழுத்தம் குறைகிறது. திரும்பும் விரைவு கூடுகிறது. இவ்வழியில் முன்னோடியான அமெரிக்க எப்-16 விமானத்தில், விமானி அறையில் ஒரு சிறு விசை இருக்கிறது. இறக்கையின் கீழ்க் கனமான குண்டுகளோ தொட்டிகளோ தொங்கும் நாளில் அவர் அதை மாற்றி வைக்க வேண்டும். உடனே கணிப்பொறி, உருளல் வேகத்தையும் மூக்கை நிமிர்த்தும் கோணத்தையும் குறைத்துக்கொள்கிறது. இறக்கையில் என்ன தொங்குகிறது என்பதை, அத்தனை நுட்பமான அந்தக் கணிப்பொறிக்கும் ஒரு மனிதன் கையால் சொல்ல வேண்டியிருக்கிறது.